ஜீரோஎம்க்யூ: நல்ல லைப்ரரி, ஆனால் வாயைத் திறக்காது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜீரோஎம்க்யூ எனக்குப் பிடித்திருக்கிறது, ஐந்துக்கு நாலு கொடுப்பேன். மீதி ஒன்றை ஏன் பிடித்துவைத்தேன் என்பதுதான் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல்.

தெரியாதவர்களுக்கு: இது நிரல்களுக்கு இடையே செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு லைப்ரரி. 2007 வாக்கில் ஐமேட்டிக்ஸ் என்ற பெல்ஜிய நிறுவனத்தில் பீட்டர் ஹின்ட்ஜென்ஸும் மார்ட்டின் சுஸ்ட்ரிக்கும் ஆரம்பித்தது. உள்ளே சி++, வெளியே சி இடைமுகம், அதற்கு மேல் பைதான், ஜாவா, கோ என்று எந்த மொழியிலிருந்தும் கூப்பிடலாம். தனியாக ஒரு சர்வர் ஓட்ட வேண்டியதில்லை, உங்கள் நிரலோடு சேர்ந்தே ஓடும். தஞ்சாவூர்ப் பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ஜூபிட்டர் நோட்புக் திறக்கும் பிள்ளைகள் எல்லோரும் இதைத் தெரியாமலே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் ஜூபிட்டர் சர்வரும் பின்னால் நிரலை ஓட்டும் கெர்னலும் பேசிக்கொள்வது ஜீரோஎம்க்யூ வழியாகத்தான். பிட்காயின் கோர் புதிய பிளாக் வந்ததை வெளியே அறிவிக்கவும் இதை வைத்திருக்கிறது. அதனால் ஏதோ ஓரத்தில் கிடக்கும் சாமான் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் வேலை என்னவென்றால், மன்னார்குடியைச் சுற்றி வயல்களில் இருக்கும் போர் மோட்டார் கொட்டகைகளில் ஒரு சின்னப் பெட்டி வைக்கிறோம். உள்ளே ஒரு ராஸ்பெரி பை, ஒரு சிம் டாங்கிள். மும்முனை மின்சாரம் வந்ததா, மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று பெட்டி ஆபீசுக்குச் சொல்லும். ஆபீசிலிருந்து குறிப்பிட்ட ஒரு பெட்டிக்கு மட்டும் 'நிறுத்து', 'ஓட்டு' என்று கட்டளை போகும். கடைகளில் விற்கிற மொபைல் ஸ்டார்ட்டர் இதில் பாதியைச் செய்யும், ஆனால் பத்துப் பதினைந்து மோட்டாரை ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்றால் அது உதவாது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னாலேயே போர் தண்ணீரை வைத்துக் குறுவை நாற்றங்கால் போடுகிறவர்களுக்கு ராத்திரி எந்த நேரம் கரண்ட் வந்தது என்பது பெரிய விஷயம். அந்த வாரங்களில் ஒரு பெட்டி பேசாமல் போனால் போன் வந்துவிடும்.

ஆக எங்களுக்கு வேண்டியது பெயர் சொல்லி அனுப்புகிற வசதி. ஜீரோஎம்க்யூவில் அதற்கு ரவுட்டர் என்று ஒரு சாக்கெட் வகை (செய்தி போய் வரும் முனை) இருக்கிறது. எதிரில் பெட்டிப் பக்கம் டீலர் சாக்கெட். ஒவ்வொரு டீலரும் தனக்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளும், ரவுட்டர் தனக்கு வரும் செய்தியின் முன்னால் அந்த அடையாளத்தை ஒரு தனித் துண்டாக ஒட்டிக் கொடுக்கும். திருப்பி அனுப்பும்போது முதல் துண்டாக யாருடைய அடையாளத்தை வைக்கிறோமோ அவருக்குப் போகும். அடையாளம் வைக்காமல் விட்டால் அதுவே பூஜ்யத்தில் தொடங்கும் 5 பைட் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் தானே மறுபடி இணைக்கும், இரு பக்கத்தில் எது முதலில் எழுந்தாலும் கவலையில்லை. இந்த வடிவமைப்பு உண்மையிலேயே அழகு. கொஞ்ச வரிகளில் ஓடுகிற ஒன்றை எழுதிவிடலாம், நாங்களும் எழுதினோம், ஓடியது.

சரி, பில்ட் விஷயத்துக்கு, அதாவது லைப்ரரியை நம் மெஷினில் கட்டி ஏற்றும் வேலைக்கு வருவோம். பெரும்பாலானவர்களுக்கு, லினக்ஸில் தயாராகக் கட்டிய பொதியை இறக்கித் தரும் ஆப்ட் இன்ஸ்டால் போதும். டெபியனில் பொதியின் பெயரில் 3 என்று இருந்தாலும் உள்ளே வருவது 4.3 வரிசைதான், குழம்ப வேண்டாம். டெபியன் 12-லும் உபுண்டு 22.04-லும் 4.3.4 வரும், உபுண்டு 24.04-ல் 4.3.5. இந்த 4.3.5 வந்தது 2023 அக்டோபரில், அதோடு உரிமமும் எல்ஜிபிஎல்லிலிருந்து எம்பிஎல் 2.0-க்கு மாறி முடிந்தது, தயாரிப்பாக விற்கிறவர்களுக்கு இது நிம்மதி.

சோர்ஸிலிருந்து கட்ட வேண்டும் என்றால் இரண்டு வழி. வெளியீட்டுப் பொதியை இறக்கினால் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் தயாராக இருக்கும். கிட்ஹப்பிலிருந்து குளோன் செய்தால் இருக்காது, ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக் எல்லாம் போட்டு ஆட்டோஜென் ஓட்ட வேண்டும். அதன் பிறகு கான்ஃபிகர், மேக், மேக் செக், மேக் இன்ஸ்டால், வழக்கமான பாதைதான். 1 ஜிபி ராம் இருக்கிற ராஸ்பெரி பையில் மேக்கை நாலு வேலையாகப் பிரித்து ஓடவிடாதீர்கள், சி++ கம்பைலர் நினைவகத்தைத் தின்று நடுவழியில் லினக்ஸ் கெர்னலால் கொல்லப்படும், வரும் பிழைச் செய்தியும் காரணத்தைச் சொல்லாது. ஒன்று ஒன்றாக ஓடட்டும், நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மேக் செக்கையும் தாண்டிப் போகாதீர்கள். மெதுவான மெஷினில் நேரக் கணக்கை நம்பும் டெஸ்டுகள் எப்போதாவது சறுக்கும், அதைத் தனியாக இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்ஸ்டால் ஆன பிறகு நிரலை ஓட்டினால் லைப்ரரி கோப்பையே காணோம் என்று ஒரு வரி வரும். பயப்பட வேண்டாம், புது லைப்ரரி இருக்கும் இடத்தை லினக்ஸுக்குச் சொல்லும் எல்டிகான்ஃபிக் ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும். இதைவிட மோசமானது ஆப்ட் வைத்ததும் நீங்கள் கட்டியதும் இரண்டும் மெஷினில் இருப்பது. நிரல் எதைப் பிடிக்கிறது என்று எல்டிடி போட்டுப் பார்க்காமல் டீபக் செய்ய உட்காராதீர்கள். பைதான்காரர்களுக்கு இன்னும் ஒரு வலை இருக்கிறது, பைதான் பொதிகளை இறக்கும் பிப் வழியாக வரும் பைஜெட்எம்க்யூ (ஜீரோஎம்க்யூவின் பைதான் பொதி) பெரும்பாலும் தனக்குள்ளேயே ஒரு லைப்ரரியைச் சுமந்துகொண்டு வரும். நீங்கள் வெளியே எத்தனை அழகாகக் கட்டி வைத்தாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. பைனரி வேண்டாம் என்று சொல்லி பிப்பைச் சோர்ஸிலிருந்து கட்டவைக்க வேண்டும். எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் ஒரு சாயங்காலம் முழுக்க "அண்ணே, நான் போட்ட பிரிண்ட் வரவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான்.

இதெல்லாம் எதற்கு, ஆப்ட்டோடு நிறுத்தியிருக்கலாமே என்றால், எங்களை சோர்ஸுக்குள் தள்ளியது ஒரு வினோதமான கோளாறு.

பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் கரண்ட் போகும், பெட்டி அணையும். கரண்ட் திரும்ப வரும், பெட்டி எழுந்து ஆபீசோடு இணையும், பெட்டியின் பதிவேட்டில் 'இணைந்தது' என்று சுத்தமாக எழுதியிருக்கும். ஆபீஸ் திரையில் அந்தப் பெட்டி செத்தது செத்ததுதான். ஒரு செய்தியும் வராது. இங்கிருந்து அனுப்பும் கட்டளையும் போகாது, ஆனால் அனுப்பும் ஃபங்ஷன் 'அனுப்பியாயிற்று' என்று சிரித்துக்கொண்டே திரும்பி வரும். ஆபீஸ் நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டினால் எல்லாப் பெட்டியும் உயிரோடு வந்துவிடும். எல்லாத் தடவையும் இப்படி ஆகாது என்பதுதான் கொடுமை. ஆபீசில் மேனேஜ் செய்கிறவர் இதையே வைத்தியமாக வைத்துக்கொண்டு காலையில் வந்தவுடன் ஒரு ரீஸ்டார்ட், மதியம் ஒரு ரீஸ்டார்ட் என்று ஓட்டினார். வயல்காரர் ஒருவர் போனில், "என்ன தம்பி, மோட்டார் ஓடுது, கண்ணால பாக்குறேன், உங்க பெட்டிதான் இல்லைங்குது" என்றார். சிம்மைச் சந்தேகப்பட்டோம், ஆண்டெனாவைச் சந்தேகப்பட்டோம், கொட்டகைக்கு மேலே சாய்ந்திருந்த தென்னை மட்டையைக்கூட விடவில்லை.

ஆபீஸ் பக்கம், போய் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டதும் சிம் பேரிலிருந்த சந்தேகம் தீர்ந்தது. பெட்டியிலிருந்து பாக்கெட் ஒழுங்காக வருகிறது, நம் மெஷினின் கெர்னல் பெற்றுக்கொண்டதாக ஒப்புகையும் அனுப்புகிறது. அப்படியானால் விழுங்குவது நடுவில் இருக்கும் லைப்ரரி. இந்த இடத்தில் ஜீரோஎம்க்யூ எதையாவது ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாது. பதிவேடு என்று ஒன்றே அதற்குக் கிடையாது. கண்காணிப்புக்கு சாக்கெட் மானிட்டர் என்ற வசதி உண்டு, அதில் இணைப்பு வந்தது, கைகுலுக்கல் முடிந்தது என்றெல்லாம் நிகழ்வுகள் வரும்; எங்கள் கோளாறில் அதுவும் 'எல்லாம் நலம்' என்றுதான் சொன்னது.

அதனால் டீபக் தகவலோடு, கம்பைலர் வேகத்துக்காகச் செய்யும் ஆப்டிமைசேஷனை முழுக்க அணைத்து, சோர்ஸிலிருந்து கட்டினோம். ஆப்டிமைசேஷன் இருந்தால், நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவியான ஜிடிபியில் எந்த மாறியைக் கேட்டாலும் 'நீக்கப்பட்டுவிட்டது' என்று வரும், பிரயோஜனம் இல்லை. இன்னொரு சின்ன விஷயம், டெஸ்ட் நிரல்களை ஜிடிபியில் திறக்கப் போனால் இது இயங்கு கோப்பே இல்லை என்று சொல்லும், ஏனென்றால் லிப்டூல் அங்கே வைத்திருப்பது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். லிப்டூல் வழியாகத்தான் ஜிடிபியை ஓட்ட வேண்டும். இதைத் தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, பில்ட் குறிப்பில் முதல் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டிய தகவல்.

நிரலை நிறுத்த பிரேக்பாயிண்ட் வைக்க வேண்டிய இடம் ரவுட்டர் டாட் சிபிபி கோப்பில் ஐடென்டிஃபை பியர் என்ற ஃபங்ஷன். லைப்ரரி வலைப் போக்குவரத்துக்காகப் பின்னால் ஓட்டும் ஐஓ த்ரெட்டில் அது நிற்கும் என்று எதிர்பார்த்தால் நிற்காது. ரவுட்டர் சாக்கெட்டைப் பற்றிய முடிவுகள் எல்லாம் உங்கள் நிரல் பெறவோ அனுப்பவோ கூப்பிடும்போது உங்கள் த்ரெட்டிலேயே நடக்கின்றன. அந்த ஃபங்ஷனைப் படித்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. புதிதாக வந்தவரின் அடையாளம் ஏற்கெனவே அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், ஹேண்டோவர் என்ற கொடி ஏற்றப்படவில்லை என்றால், புதியவரைக் கண்டுகொள்ளாமல் திரும்பிவிடுகிறது. இணைப்பை அறுக்கவும் இல்லை, பிழை சொல்லவும் இல்லை. பெயர் தெரியாதவர்களின் கூட்டத்தில் அந்த இணைப்பு அப்படியே நிற்கும், அது அனுப்பும் எதையும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

இப்போது முழுக் கதையும் பொருந்துகிறது. கரண்ட் திடீரென்று போனால் பெட்டி 'நான் போகிறேன்' என்று டிசிபி வழியாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆபீஸ் மெஷினைப் பொறுத்தவரை பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பக்கம் எதையும் அனுப்பாமல் சும்மா இருந்தால் அது எத்தனை நேரம் வேண்டுமானாலும் அப்படியே கிடக்கும், எதிர்ப் பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் டிசிபி கீப்அலைவ் டீஃபால்ட்டாக அணைந்தே இருக்கிறது. அதை ஏற்றினாலும் லினக்ஸில் முதல் விசாரிப்பு 7200 விநாடிக்குப் பிறகுதான், அதாவது 2 மணி நேரம். ஏதாவது அனுப்பினால் மறுபடி மறுபடி முயன்று சுமார் 15 நிமிடத்தில் கைவிடும். அதற்குள் பெட்டி அதே பெயரோடு திரும்பி வந்தால் உள்ளே இடமில்லை. கரண்ட் நீண்ட நேரம் போய் வந்தால் சரியாகிவிடுவதும், அஞ்சு பத்து நிமிடத்தில் வந்தால் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். டெல்டாவில் கரண்ட் எப்படிப் போய் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாண்டேட்டரி என்று இன்னொரு ஆப்ஷன் இருக்கிறது. டீஃபால்ட்டாக, ரவுட்டருக்குத் தெரியாத ஒரு பெயருக்குச் செய்தி அனுப்பினால் அதைச் சத்தமில்லாமல் போட்டுவிடும், முகவரி தப்பான கடிதத்தைத் திருப்பித் தராமல் வாய்க்காலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் தபால்காரர் மாதிரி. மாண்டேட்டரியை ஏற்றினால் 'அப்படி ஒருவர் இல்லை' என்று பிழை தரும். நல்ல ஆப்ஷன், எல்லோரும் ஏற்றிவைக்க வேண்டியது. ஆனால் எங்கள் கோளாறுக்கு இது மட்டும் போதாது, ஏனென்றால் பழைய செத்த இணைப்பு அட்டவணையில் அந்தப் பெயரோடு இருக்கிறதே, செய்தி அதற்குப் போகிறது, லைப்ரரிக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

தீர்வு மூன்று ஆப்ஷன். ரவுட்டர் ஹேண்டோவரை 1 ஆக்கினால் புதியவர் வந்ததும் பழைய இணைப்புக்குத் தற்காலிகமாக வேறு ஓர் அடையாளத்தைக் கொடுத்து ஓரமாக நிறுத்தி மூடிவிட்டு, பெயரைப் புதியவரிடம் ஒப்படைக்கும். மாண்டேட்டரி 1. அப்புறம் ஹார்ட்பீட், 4.2 பதிப்பிலிருந்து லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது, டீஃபால்ட் 0, அதாவது அணைந்திருக்கும். மில்லி விநாடியில் ஒரு எண் கொடுத்தால் இரு பக்கமும் பிங், பாங் என்று விசாரித்துக்கொள்ளும், பதில் வராவிட்டால் இணைப்பைத் தானே அறுத்துவிடும். மொபைல் நெட்வொர்க்கில் சும்மா கிடக்கும் இணைப்பை, நடுவழியில் முகவரியை மாற்றித் தரும் நேட் மறந்துவிடுகிற தொல்லைக்கும் இதுவே மருந்து. நாங்கள் 30000 வைத்திருக்கிறோம், சிம் டேட்டாவில் இதெல்லாம் கணக்கிலேயே வராது. ஒன்று முக்கியம், இந்த ஆப்ஷன்களை, சாக்கெட்டை முகவரியோடு பைண்ட் செய்வதற்கு முன்னால் வைத்துவிடுங்கள்.

ஹேண்டோவரை ஏற்றினால் யார் வேண்டுமானாலும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து உட்காரலாம் என்பது உண்மை. பயமாக இருந்தால் கர்வ் குறியாக்கத்தைச் சேர்க்க வேண்டும், அதற்கு லிப்சோடியம் என்ற குறியாக்க லைப்ரரியை முதலிலேயே போட்டு அதைச் சேர்க்கும்படி கான்ஃபிகருக்குச் சொல்லிக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் கர்வ் இருக்கிறதா என்று லைப்ரரியையே கேட்கலாம், அதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, 1 வந்தால் இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், நான் மேலே சொன்ன எல்லா டீஃபால்ட்டும் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. மறைக்கவில்லை. என் குறை என்னவென்றால் எழுதியிருப்பது நீளமான ஆப்ஷன் பட்டியலின் நடுவில், கோளாறு நடக்கும் இடத்திலோ ஒரு முனகல்கூட இல்லை. இதே குணம் எல்லா இடத்திலும் வரும். டீலரிலிருந்து, கேள்விக்குப் பதில் சொல்லும் ரெப் சாக்கெட்டுக்குப் பேசும்போது முன்னால் ஒரு வெற்றுத் துண்டை நீங்களே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ரெப் அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடும், சத்தமில்லை. காத்திருக்கும் செய்தி வரிசையின் உயர வரம்பு டீஃபால்ட்டாக 1000 செய்தி, அது நிறைந்தால் டீலர் உங்களைக் காத்திருக்க வைக்கும், சந்தாதாரர் எல்லோருக்கும் அறிவிக்கும் பப் சாக்கெட்டோ கொட்டிவிடும், சத்தமில்லை. பப் பக்கம் எழுந்தவுடன் அனுப்பும் முதல் சில செய்திகள் சந்தாதாரர் சேர்வதற்குள் போய்விடும், அதுவும் அப்படியே. நேர்மாறாக நிரலை மூடும்போது மட்டும் பிடிவாதம் பிடிக்கும், போகாத செய்தி ஒன்று வரிசையில் இருந்தால், எத்தனை நேரம் காத்திருப்பது என்று சொல்லும் லிங்கர் ஆப்ஷனின் டீஃபால்ட்டில் நிரல் மூடாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். லிங்கரைச் சில நூறு மில்லி விநாடி என்று வைத்துவிடுங்கள்.

நடுவில் ஒரு சர்வர் வைத்துச் செய்தி அனுப்பும் எம்க்யூடிடி நெறிமுறையைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவானது அது, அறுந்து அறுந்து வரும் இணைப்பை மனதில் வைத்தே எழுதியது. எங்கள் கோளாறு நடந்த அதே இடத்தில் அதன் விதி நேர் எதிர், அதே பெயரோடு புதியவர் வந்தால் பழையவரைச் சர்வர் வெளியேற்றியே ஆக வேண்டும். பெட்டி திடீரென்று செத்தால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒரு கடைசிச் செய்தியை முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். வயலில் சென்சார் வைக்க மட்டும்தான் வேண்டும் என்றால் எம்க்யூடிடிக்கான மஸ்கிட்டோ சர்வரை ஓட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள், ஜீரோஎம்க்யூ வேண்டாம், இதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் நடுவில் ஒரு சர்வரைப் பராமரிக்க வேண்டும். எங்களுக்கு ஆபீசுக்குள்ளேயே பல நிரல்கள் வேகமாகப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது, பெட்டிக்கும் அதே லைப்ரரி போதும் என்பதால் இதிலேயே இருக்கிறோம். சுஸ்ட்ரிக் பின்னால் பிரிந்து போய் எழுதிய நானோமெசேஜையும் அதன் வாரிசான என்என்ஜியையும் பார்த்தோம், சுத்தமான சி, படிக்க இதமாக இருக்கிறது, ஆனால் ரவுட்டர் மாதிரி பெயர் சொல்லி அனுப்பும் சாக்கெட் அதில் இல்லை, அதனால் மேற்கொண்டு போகவில்லை.

ஜீரோஎம்க்யூவின் சோர்ஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். சி++ என்றாலே மிரளும் ஆளாக இருந்தாலும் சாக்கெட் வகைகளின் கோப்புகள் சின்னவை, பெயர்கள் தெளிவு, குறிப்புகள் நேர்மை. எங்களைப் படுத்திய வரிக்கு மேலேயே, ஒரே அடையாளத்தோடு வருபவர்களை ஒதுக்கு என்று குறிப்பு எழுதியிருக்கிறது. சோர்ஸ் படிக்கத் தயாராக இருக்கும் குழுவுக்கு இது அருமையான லைப்ரரி. படிக்க நேரமில்லாத இடத்தில் இதைப் போட்டுவிட்டு வராதீர்கள், போன் உங்களுக்குத்தான் வரும்.

கட்டுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று: மேக் இன்ஸ்டால் முடிந்ததும் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பில்ட் செய்த கோப்புறையை அழித்துவிடாதீர்கள், அன்இன்ஸ்டால் அங்கிருந்துதான் ஓட வேண்டும், ஜிடிபியும் சோர்ஸ் வரிகளை அங்கேதான் தேடும்.